பாதாளச் சாக்கடை டெபாசிட், தெரு ரோட்டுக்குக் காசு: கட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முனைவீடு:
எங்கள் நகராட்சியில் கட்டடத்தின் சதுர அடியைப் பார்த்து டெபாசிட் போட்டார்கள். தவணையில் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். தெருவைத் தோண்டிக் குழாய் பதித்து, வீட்டுக் குழாயைச் சேர்ப்பதற்கான சேம்பர் தொட்டியையும் வாசலில் கட்டியாகிவிட்டது. இணைப்புக் கொடுக்கக் கூட்டி வந்த பிளம்பர் தண்ணீர் நிரப்பிய டியூப்பைப் பிடித்து மட்டம் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "சார், உங்க கக்கூஸ் பைப்பு சேம்பர் பைப்பைவிட ஒரு சாண் கீழ இருக்கு. தண்ணி மேல ஏறாது" என்றார். அப்பா காலத்து வீடு, தெருவைவிடப் பள்ளம். பாத்ரூம் தரையை உயர்த்த ஆன செலவு டெபாசிட்டைத் தாண்டிவிட்டது. சதுர அடியை அளக்க வந்தவர்கள் மட்டத்தையும் பார்த்திருக்கக் கூடாதா?

ஆலந்தூர்க்காரன்:
டெபாசிட்டே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990களின் கடைசியில், வீட்டுக்கு 5,000, வணிகக் கட்டடத்துக்கு 10,000 என்று குழி தோண்டும் முன்பே கேட்டார்கள். "வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க" என்று எங்கள் தெருவில் பலர் சொன்னார்கள். அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். எங்கள் வீட்டில் தயங்கவே இல்லை. அதற்கு முந்தைய மழையில் செப்டிக் டேங்க் பொங்கி, அடுப்படி வாசலில் அம்மா செங்கல்லை அடுக்கிச் சாக்கை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். மாதக் கட்டணம் 150 என்றார்கள், அதையும் கட்டினோம். மக்கள் முன்பணம் வந்ததால்தான் மீதிக்குக் கடன் வாங்கவும் முடிந்தது.

முனைவீடு:
கட்ட மாட்டேன் என்று நான் எங்கே எழுதினேன்? முழுத்தொகையும் கட்டியவன் நான். வாங்கியவர்கள் எனக்கு இணைப்பு வேலை செய்யுமா என்று பார்க்கவில்லை, அதைத்தான் கேட்கிறேன்.

மினசோட்டா தமிழன்:
இங்கே அமெரிக்காவில், தெரு வேலைச் செலவை அந்தத் தெரு வீட்டுக்காரர்களிடம் வசூலிப்பதற்கு ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று பெயர். எங்கள் தெருவைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டபோது கடிதம் வந்தது, அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். எழுந்து, "என் கார் வாரத்துக்கு ஒருநாள்தான் வெளியே போகிறது, மூன்று கார் வைத்திருப்பவருக்கும் எனக்கும் ஒரே தொகையா?" என்று கேட்டார். ஊர் மன்றத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் வீடு வாங்கியிருப்பவர்கள் கவனியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மினசோட்டாவில், வேலையால் உங்கள் சொத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதற்கு மேல் வசூலிக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி வழக்குப் போட வேண்டுமென்றால், கூட்டத்துக்கு முன்போ கூட்டத்திலோ கையெழுத்திட்ட ஆட்சேபணைக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. தொகையை மன்றம் நிறைவேற்றியபின் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அதே 30 நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டி கிடையாது, இல்லாவிட்டால் வட்டியோடு சொத்து வரியில் ஏறும். 65 வயது நிறைந்து, கட்டச் சிரமப்படுபவர்களுக்குத் தள்ளிவைக்கும் சலுகையை ஊர் மன்றம் கொடுக்கலாம், விண்ணப்பிக்க வேண்டும். அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. வீடு வாங்கும் முன் நிலுவை அசெஸ்மென்ட் இருக்கிறதா, அதை விற்பவர் கட்டுவாரா நீங்களா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மூலை மனை என்றால் இரண்டு தெருவுக்கும் பணம் கேட்பார்களா என்றும் விசாரியுங்கள்.

மனைவாங்கியவன்:
மேலே சொன்னதெல்லாம் அங்கே சரி. கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள், சட்டம் வரம்பு வைக்கிறது. எங்களிடம் யார் கேட்டார்கள்?

என்னுடையது அங்கீகாரமில்லாத மனை. 2016-ல் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது, 2017-ல் கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை அங்கீகரிக்கும் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தத் திட்டம் கேட்டபடி, 20.10.2016-க்கு முன் விற்ற மனைகள் இருந்த மனைப்பிரிவு எங்களுடையது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டினேன். வளர்ச்சி என்றால் ரோடும் வடிகாலும்தானே? போன கார்த்திகையில் என் மாமியாருக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது, சேற்றில் இறங்கினால் வண்டி ஏறாது என்றார் டிரைவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார்.

இப்போது "நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட்டால் ரோடு வரும்" என்கிறார்கள். ஆலந்தூர்க்காரர் சொல்லட்டும்: ஏற்கெனவே வளர்ச்சிக் கட்டணம் கட்டிய தெரு அதையும் கட்ட வேண்டுமா? எங்கள் மனைப்பிரிவில் வசூலான தொகை எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.