ஈ.டி.டி.ஏ. குழாயில் எம்.பி.வி. ஏறிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

சர்க்கரை நோயாளிகளின் எம்.பி.வி.யை, அதாவது பிளேட்லெட்டின் சராசரி அளவை, இதய நோய் அபாயத்தோடு ஒப்பிடுகிறோம். பெரிய பிளேட்லெட் வேகமாக ஒட்டும், ரத்தக்கட்டிக்கு வழிவிடும் என்பதால் இந்த எண் முக்கியம். அந்த எண்ணையே நம்ப முடியவில்லை.

குடியாத்தத்தில் காலை 7 மணிக்கு எடுக்கும் ரத்தம், பஸ்ஸில் வேலூர் வந்து மெஷினில் ஏற 10 ஆகிவிடுகிறது. வேலூரிலேயே எடுத்து உடனே ஓட்டிய ஒரு குழாய் 9.4 ஃபெம்டோலிட்டர் காட்டியது. அதையே 3 மணி நேரம் மேசையில் வைத்து ஓட்டினால் 10.5. ஈ.டி.டி.ஏ.வில் (ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சேர்க்கும் பொருள்) பிளேட்லெட் உருண்டு வீங்குவதுதான் காரணம். மெஷின், மின்தடை முறையில் எண்ணும், வெள்ளணுவை மூன்றாகப் பிரிக்கும் ரத்த அணுக் கவுண்ட்டர்.

கன்ட்ரோல் (மெஷினைச் சரிபார்க்கும் மாதிரி) தினமும் சரியாக வருகிறது. கே3 குழாயை விட்டு கே2க்கு (இரண்டும் ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்புகள்) மாறினோம், பலனில்லை. ஐஸ் பெட்டியில் வைத்தால் குளிரிலேயே பிளேட்லெட் உருமாறுகிறது, அதைக் கைவிட்டோம். ஸ்மியரில் (கண்ணாடியில் ரத்தத்தைத் தேய்த்துப் பார்ப்பது) பிளேட்லெட் கட்டி இல்லை. எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, குறைந்த சாம்பிள்களை ஒதுக்கிவிட்டோம் (சின்ன சிவப்பணுவைக்கூட இந்த மெஷின் பிளேட்லெட் என்று எண்ணிவிடும்). பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் தனிப்பட்டியலில்.

மிச்சம் இருக்கும் வழி, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான சிட்ரேட் உள்ள குழாய். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் திரவம் சேர்ந்து ரத்தம் நீர்த்துவிடுவதால், பிளேட்லெட் எண்ணிக்கையை 1.1ஆல் பெருக்க வேண்டும், எம்.பி.வி.யைப் பெருக்கத் தேவையில்லை. ஆனால் பழைய ஈ.டி.டி.ஏ. முடிவுகளோடு சேர்க்க முடியாது.

இப்படித் தூரத்திலிருந்து சாம்பிள் வரும் இடங்களில், சிட்ரேட்டுக்கு மாறினீர்களா, இல்லை ஈ.டி.டி.ஏ.விலேயே எல்லாக் குழாயையும் ஒரே நேர இடைவெளியில் ஓட்டுகிறீர்களா?