பிரேக் எண்ணெய் எப்ப மாத்தின? (ஒட்டுக்கடையில் சந்தித்த பழைய பந்தயக்காரர்)

சிப்புட் பையன்:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மேசையில் கைலி கட்டிய பெரியவர் ஒருவர் என் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பத்து தீகா பந்தயத் திடலில் காடி ஓட்டியவர், இப்போது மகளோடு தோட்டத்துப் பக்கம் இருக்கிறார் என்று கடைக்கார அண்ணன்தான் காதோடு சொன்னார். விடுவேனா, கிளாஸைத் தூக்கிக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். போர்ஷே, ஆர்எக்ஸ்-7, எதற்கு எத்தனை குதிரைத்திறன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, பிரேக் எண்ணெய் கடைசியா எப்ப மாத்தின?"

முழித்தேன். வாங்கி மூன்று வருடம், தொட்டதே இல்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. "இதோட கேமரன் மலை ஏறினா, இறங்கும்போது சாமியக் கும்பிட்டுக்க" என்று சிரித்தார். விஷயம் என்னவென்றால், நான் போன மாதமே ஏறி இறங்கிவிட்டேன், சிம்பாங் பூலாய் பக்கம் வரும்போது பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது, பிரேக் பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எண்ணெய்தான் காரணமா? எண்ணெய் ரகத்தில் டாட் 3 போதுமா, டாட் 4 போடலாமா?

ஈப்போ ஸ்பேனர்:
பெரியவர் சொன்னது சரி. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் புழுக்கத்தைக் கேட்கவா வேண்டும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு 230, 155. மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் வரும், குமிழ் அமுங்கும், அதுதான் உன் பஞ்சு. டாட் 4 போடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. டாட் 5 சிலிக்கான், அந்தப் பக்கம் போகாதே. அப்புறம், இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டப் பழகு தம்பி.

கிள்ளான் அக்கா:
பெராக்கில் எந்த ஒட்டுக்கடைக்குப் போனாலும் பத்து தீகாவில் ஓட்டினேன் என்று ஒருவர் இருப்பார், அதை நான் நம்புவதாக இல்லை :) ஆனால் குதிரைத்திறனை விட்டுவிட்டு எண்ணெயைக் கேட்டார் பார், அங்கேதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறார்.

லோரிக்காரர் மகன்:
அக்கா, பத்து தீகாவை லேசாக நினைக்காதீர்கள். 1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ்கார் போட்டியின் 800 கிலோமீட்டர் பந்தயமே அங்கே நடந்தது, ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் போர்ஷே 962இல் ஜெயித்தார்கள். அப்பா லோரியில் கூட்டிப்போனார், வேலிக்கு இந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். தம்பி, அவர் எந்தக் காடி ஓட்டினார் என்று கேட்டாயா இல்லையா?

சிப்புட் பையன்:
நேற்று டாட் 4 மாற்றியாகிவிட்டது, 80 வெள்ளி. மிதி இப்போது கல் மாதிரி இருக்கிறது. இன்று காலை அவருக்குத் தே வாங்கிக்கொடுத்து, அண்ணன் சொன்னபடி எந்தக் காடி என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் குனிந்து என் டயர் ஓரத்தில் இருந்த நான்கு எண்ணை விரலால் தடவிக் காட்டினார். 2314. 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயராம். அடுத்த செலவு வந்துவிட்டது.