முன்விளக்கைச் சரிசெய்யச் சுவர் தேடியவர்கள்: அனுபவப் பகிர்வு

சிங்கப்பூரில் முன்விளக்கு கோணலாக இருந்தால் ஓட்டுபவருக்கு அது எளிதில் தெரியாது. இருட்டான சாலை வேண்டுமென்றால் தீவின் வடமேற்கு ஓரத்தில் லிம் சூ காங், நியோ தியூ பக்கம் தேடிப் போக வேண்டும். மற்ற இடங்களில் சாலை எப்போதும் வெளிச்சமாகவே இருப்பதால், நம் விளக்கு எங்கே பாய்கிறது என்பதை எதிரே வருபவர்தான் அறிவார். அவர் ஹை பீம் அடித்துக் காட்டினாலும், என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டு நாம் போய்விடுகிறோம்.

என் கார் பழைய கார். எனக்கு முன் வைத்திருந்தவர் பம்பரை ஒருமுறை மாற்றியிருக்கிறார். தீபாவளிக்கு ஈப்போ போகும் வழியில், நெடுஞ்சாலையின் இருட்டான பகுதியில்தான் உண்மை வெளிப்பட்டது. இடப்பக்க விளக்கு முன்னே போகும் லாரியின் பின்கதவில் ஏறி நின்றது. வலப்பக்க விளக்கோ நம் பம்பரை விட்டு நகர மனமில்லாமல் தரையில் கிடந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், இரவு ஆளரவம் அடங்கிய பிறகு வேலையைத் தொடங்கினேன். தனி வீடு இல்லாத நமக்கு அதுதான் 'வீட்டிலேயே'. தேவைப்பட்டவை நீளமான நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், ஒட்டுநாடா, அளவு நாடா, ஒரு பழைய துண்டு. இவற்றைவிடக் கிடைப்பதற்கு அரிதானது ஒழுங்கான சுவர். பெரும்பாலும் கம்பித் தடுப்புதான் இருக்கும். மின்தூக்கிக் கூடத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு வெற்றுச் சுவர் கிடைத்தது.

தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மழைநீர் வடிய வேண்டும் என்பதால் நம் கார் நிறுத்துமிடங்களின் தரை கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். சாய்வினால் பெரிய கெடுதல் இல்லை என்பது என் கருத்து. காருக்கு அடியிலும் சுவரின் அடிவரையிலும் அதே சாய்வு தொடர வேண்டும், அவ்வளவுதான். நடுவில் வடிகால் பள்ளமோ சரிவுப்பாதையின் தொடக்கமோ குறுக்கிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

பானட்டைத் திறந்தால் விளக்கின் மேலோ அருகிலுள்ள தகட்டிலோ ஒரு சிறு விளக்குப் படமும் 1.0% அல்லது 1.2% போன்ற ஓர் எண்ணும் பல கார்களில் இருக்கும். லோ பீம், அதாவது வழக்கமாகப் போட்டு ஓட்டும் தாழ்ந்த ஒளி, எவ்வளவு இறங்கிப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஒரு சதவீதம் என்றால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். விளக்கு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி 70 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். இரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 35 மீட்டரோடு முடிந்துவிடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது ஒரு விநாடிக்குச் சற்று மேல். சுழியத்தையும் தாண்டி மேலே ஏறிவிட்டாலோ தரையையே தொடாது, எதிரே வருபவரின் கண்ணைத்தான் தொடும்.

நான் செய்த முறை இது. காரைச் சுவருக்கு மிக அருகில் நேராக நிறுத்தி, லோ பீமைப் போட்டு, ஒளியின் மேல்விளிம்பு விழும் இடத்தில் நாடா ஒட்டினேன். பிறகு கார் நிறுத்தும் கட்டத்தின் கோட்டை வைத்து, ஒரு கட்டத்தின் நீளத்துக்கு நேராகப் பின்னால் எடுத்தேன். நம் கட்டங்களின் வழக்கமான நீளம் 4.8 மீட்டர். ஆகவே ஒரு சதவீதம் என்றால் விளிம்பு நாடாவுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். என் இடப்பக்க விளக்கு நாடாவுக்கு மேலே நின்றது! ஒரு விளக்கைத் துண்டால் மறைத்துவிட்டு மற்றதைத் திருக வேண்டும். ஹாலோஜன் விளக்கு சூடாகும் என்பதால் துண்டை நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது. விளக்கின் உயரத்தைச் சரிசெய்யும் திருகைக் கொஞ்சம் திருப்பி, பானட்டை ஒருமுறை அழுத்திவிட்டு, மீண்டும் சுவரைப் பார்க்க வேண்டும்.

விளிம்பின் வடிவத்தையும் கவனியுங்கள். இடப்பக்கம் ஓட்டும் ஊருக்கான விளக்கில், விளிம்பு வலப்பக்கம் மட்டமாகப் போய் இடப்பக்கம் மேலேறும். நடைபாதையும் பலகைகளும் தெரிவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் மேலேறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் விளக்கு. எத்தனை திருகினாலும் இங்கே உதவாது.

யீஷூனிலிருந்து, தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்:

அண்ணன் சொல்வதைச் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, விளக்கைத் தாழ்த்துவதற்கென்று 0, 1, 2, 3 என எண் போட்ட சிறு உருளை பல கார்களில் உண்டு. அதைப் பலர் தொட்டதே இல்லை. சாங்கி விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றினால், பின்னிருக்கையில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். காரின் பின்புறம் அமுங்கி மூக்கு நிமிர்ந்துவிடும். விளக்கும் கூடவே நிமிரும். ஈசிபி விரைவுச்சாலை முழுவதும் முன்னால் போகிறவர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே போவார். இப்போது பெட்டிகள் ஏறியதும் உருளையை 2க்குக் கொண்டுபோய்விடுகிறேன், இறங்கியதும் 0. ஜோகூருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். போகும்போது எல்லையைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் கட்டாயம். வரும்போது அதோடு வாங்கிய சாமான்களும் சேர்ந்துகொள்ளும். சுவரின் முன்னால் நிறுத்தும்போது உருளை 0இல் இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார வேண்டும். டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

என் மைத்துனரின் கார் பரிசோதனையில் முன்விளக்குக்காகத் தேறாமல் திரும்பி வந்தது. பத்து ஆண்டைத் தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் போக வேண்டும். திருகைத் திருகு திருகு என்று திருகியும் விளிம்பே தெளிவாக விழவில்லை. சுவரில் மாவு கொட்டியது போல ஒளி சிதறிக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால், எச்4 என்ற வகை ஹாலோஜன் பல்பின் விளிம்பிலுள்ள மூன்று காதுகளில் ஒன்று தன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே நின்றது. அண்மையில் ஒரு பட்டறையில் பல்பு மாற்றியிருந்தார்கள். சரியாக உட்கார வைத்ததும் விளிம்பு கத்தி போல் விழுந்தது; பிறகு அரைச் சுற்றிலேயே வேலை முடிந்துவிட்டது. விளிம்பு மங்கலாக இருந்தால் திருகைத் தொடாதீர்கள், முதலில் பல்பைப் பாருங்கள். ஹாலோஜனுக்கென்று செய்த கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகினாலும் இப்படித்தான் சிதறும், ஏனென்றால் ஒளி புறப்படும் இடமும் வடிவமும் மாறிவிடுகின்றன.

செங்காங்கிலிருந்து:

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதாக ஆகக் கண்ணுக்குள் ஒளி அதிகம் சிதறுகிறது, கூசிய கண் தெளியவும் நேரமாகிறது. தெம்பனிஸ் விரைவுச்சாலையில் பின்னால் வந்த ஒரு காரின் வெளிச்சம் தாங்காமல் இடத்தடத்துக்கு ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து அதை முன்னே போகவிட்டார். அதன் பிறகு இரவில் சாவியை என்னிடம் கொடுத்துவிடுகிறார். அந்த ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது. அண்ணா, ஒரு கேள்வி: என் காரில் உருளையே இல்லை, தானாகச் சரிசெய்துகொள்ளும் விளக்கு. இதையும் சுவரில் பார்க்கலாமா?

முதலில் எழுதியவர்:

பார்க்கலாம் அக்கா, ஆனால் திருகாதீர்கள். அந்த விளக்கு, சக்கர அச்சோடு இணைந்த உணரியை (சென்சார்) கேட்டுத்தான் ஏறி இறங்குகிறது. உணரியின் சிறு கம்பி வளைந்திருந்தாலோ, ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தாலோ, குறை அங்கேதான் இருக்கும். பல கார்களில் கணினிக் கருவியை இணைத்து அதற்குச் சுழியம் எது என்று கற்பிக்க வேண்டியிருக்கும். அது பட்டறை வேலை. சுவரில் இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் இறங்குகின்றனவா என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அங்கே என்ன சொல்வது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மற்றவர்களுக்கும் ஒன்று. பழைய காரில் திருகு இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம்; உடைந்தால் முழு விளக்கையே மாற்றச் சொல்வார்கள்.