மேடும் பள்ளமும் நிறத்தை என்ன செய்கின்றன? அக்ரிலிக், கலப்பு ஊடக அனுபவங்கள்

அக்ரிலிக் வண்ணத்தில் சொரசொரப்பான பரப்பை உண்டாக்கிப் பார்த்தவர்கள் இந்த ஓவியக் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தப் பேஸ்ட் நல்லது, எந்தக் கத்தி நன்றாக வளையும் என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் கேட்பது வேறு. நீங்கள் உருவாக்கிய பரப்பு உங்கள் நிறத்தை என்ன செய்தது? நினைத்த நிறம்தான் வந்ததா, அழைக்காத ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டதா? முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மரப்பலகை ஒன்றில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் மாடலிங் பேஸ்ட்டைப் பேலட் கத்தியால் பரப்பினேன். இது பெரும்பாலும் சலவைக்கல் தூளும் அக்ரிலிக் பசையும் சேர்ந்த கலவை. காய்ந்தால் இறுகிவிடும், மணல்தாளால் தேய்க்கலாம். ஈரமாக இருக்கும்போதே பல் அகன்ற சீப்பை அதில் வளைத்து இழுத்தேன். ஒரு மூலையில் சாக்குத்துணியை அழுத்தி எடுத்தேன். நெசவு இழை இழையாகப் பதிந்துவிட்டது. முழுவதும் காயும்வரை அதன் பக்கமே போகவில்லை.

பிறகு பரப்பு முழுக்க மஞ்சள் ஓக்கர், அதாவது மண்மஞ்சள். அது காய்ந்ததும் அல்ட்ராமரைன் நீலத்தைப் பளபளப்பு ஜெல்லும் (நிறமி சேராத கெட்டியான அக்ரிலிக் பசை) சிறிது தண்ணீரும் கலந்து இளக்கி மேலே பூசினேன். சற்றுப் பொறுத்து, நனைத்துப் பிழிந்த துணியால் மேலோட்டமாகத் துடைத்தேன். மேடுகளில் ஓக்கர் திரும்ப வந்தது. பள்ளங்களில் நீலம் தங்கிக் கறுத்தது. நான் எதிர்பாராதது இரண்டுக்கும் நடுவில் இருந்த சரிவு: அங்கே நீலம் மெல்லிய படலமாக ஓக்கரின் மேல் நின்று, பாசி படிந்தது போன்ற மங்கிய பச்சைச் சாம்பல் தெரிந்தது. அந்த நிறத்தைத் தட்டில் குழைத்திருந்தால் ஒரு சேறுதான் கிடைத்திருக்கும். பரப்பு குழைத்தபோது அதற்கு ஆழம் வந்தது.

அடுத்த பலகையில் இதையே தலைகீழாகச் செய்தேன். அடியில் நீலம், மேலே ஓக்கர். ஆனால் ஓக்கரைத் தண்ணீர் சேர்க்காமல், தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட வறண்ட முனையால் மேடுகளை மட்டும் உரசிச் சென்றேன். அதே சீப்புக் கோடு, அதே இரண்டு நிறம். முதல் பலகை ஈரமான பாறை. இரண்டாவது வெயிலில் வெளுத்த சுவர். நிறத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்துக்கொண்டால் எதுவும் கைக்கு வராது என்பது எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது. எந்தப் பதத்தில், எந்த வரிசையில், எங்கே தங்கவிட்டோம் என்பதையும் குறிக்க வேண்டும். இப்போது சோதனைப் பலகை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரத்தில் பால்போல வெண்மையாக இருக்கும் பசை, தண்ணீர் ஆவியானதும் தெளிந்துவிடுகிறது. நிறத்தை வெளுத்துக் காட்டிய அந்தப் பால்தன்மை போய்விடுகிறது. மேடு பள்ளமான பரப்பில் இது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மேடு சீக்கிரம் காய்ந்து கறுக்கும். பள்ளத்தில் தேங்கியது வெகுநேரம் வெளிறியே கிடக்கும். அந்த இடைவேளையில் “பள்ளம் போதவில்லை, இன்னொரு கை பூசலாம்” என்று கை துறுதுறுக்கும். பூசாதீர்கள். காலையில் வந்து பாருங்கள்.

*

நான் ஓவியம் கற்பிப்பவள். நீங்கள் சொன்ன பச்சைச் சாம்பல் எல்லா நீலத்திலும் வராது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் “கிளேஸ் வரவில்லை அம்மா” என்று வந்தால் (கிளேஸ் என்பது அடிநிறம் தெரியும்படி பூசும் மெல்லிய படலம்) முதலில் டியூபைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். அதில் ஒரு சிறிய சதுரம் அச்சிட்டிருக்கும். வெறும் சதுரம் என்றால் ஒளி ஊடுருவும் நிறம். பாதி நிரம்பியிருந்தால் அரைகுறை. முழுக்க நிரம்பியிருந்தால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். எல்லா நிறுவனமும் சதுரம் போடுவதில்லை. சிலர் எழுத்தாலேயே குறிப்பிடுகிறார்கள். கூடவே நிறமிக் குறியீடு இருக்கும்: அல்ட்ராமரைனுக்குப் பி.பி. 29, தாலோ நீலத்துக்குப் பி.பி. 15, டைட்டானியம் வெள்ளைக்குப் பி.டபிள்யூ. 6. ஒரே குறியீடு உள்ள டியூப்களை வைத்துக்கொண்டு சோதிப்பவர்களுக்குச் சேறு குறைவு. மூன்று நிறமி கலந்த டியூபோடு இன்னொரு மூன்று நிறமி டியூபைச் சேர்த்தால் ஆறு பேர் சண்டை போடுகிறார்கள்; யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

தாலோ நீலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் சாயமேற்றும் வலிமை அபாரம். பள்ளத்தில் ஒரு துளி அதிகம் போனால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிடும். சொரசொரப்பான பரப்பில் துடைத்தெடுக்கவும் முடியாது. நான் அதை ஜெல்லில் கத்திமுனை அளவுதான் சேர்ப்பேன். அல்ட்ராமரைன் சாது, மன்னித்துவிடும்.

ஜெல்லிலும் பார்த்து எடுங்கள். மேட் (மினுமினுப்பில்லாத) ஜெல்லில் பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கும் நுண்துகள்கள் இருக்கின்றன. அடர்நிறத்தோடு சேர்த்துத் தடித்துப் பூசினால் பனி மூடியதுபோல வெளிறிவிடும். ஆழமான நிறம் வேண்டுமென்றால் பளபளப்பு ஜெல்தான். மினுமினுப்பு பிடிக்காவிட்டால் கடைசியில் குறைத்துக்கொள்ளலாம்.

*

என் பிழைப்பு தாளோடு. டிஷ்யூ தாளைக் கசக்கி, பிரித்து, மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) தடவிய பலகையில் ஒட்டினால் கிடைக்கும் மெல்லிய நரம்புகளைப் பேஸ்ட் எந்த ஜென்மத்திலும் தராது. அதன்மேல் இளக்கிய நிறம் ஓடும்போது சுருக்கத்தின் ஓரத்தில் மட்டும் கோடாகப் படிந்து நிற்கும். ஒட்டும்போது மேலிருந்தும் ஒரு பூச்சு மீடியம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஒட்டாத இடம் குமிழாக எழும்பும்.

அச்சுப் படத்தைப் பரப்புக்கு இறக்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலரும் பாதியில் கைவிடுவதால். படம் லேசர் அச்சாகவோ நகல் இயந்திரத்தில் எடுத்ததாகவோ இருக்க வேண்டும். அதில் இருப்பது சூட்டில் உருகி ஒட்டிய தூள், தண்ணீருக்கு அசையாது. மைத்தாரை அச்சுப்பொறியின் மை பெரும்பாலும் நீரில் கரைந்து ஊறிப் பரவிவிடும். பலகையில் ஜெல்லைச் சீராகத் தடவி, படத்தைக் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். இரவு முழுவதும் காயட்டும். பிறகு தாளின் முதுகை நனைத்து, விரல்நுனியால் வட்டமாகத் தேயுங்கள். தாள் திரித்திரியாக உருண்டு வரும். எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக் காயவிட்டால், படத்தின்மேல் மறுபடியும் வெண்மை பூக்கும்: அது மிஞ்சிய தாள் நார். மீண்டும் நனை, மீண்டும் தேய். பொறுமை இழந்து நகத்தால் சுரண்டினால் படத்தின் கண்ணோ மூக்கோ போய்விடும். சில சமயம் அதுவும் நன்றாகவே இருக்கும். நான் வேண்டுமென்றே சுரண்டியதும் உண்டு. கடைசி மெல்லிய வெண்மையை மட்டும் தேய்க்காமல், மேலே மீடியம் பூசிவிட்டால் நார் ஊறித் தெளிந்துவிடும்.

படம் இறங்கிய இடம் வழுவழுப்பாகவும், சுற்றியுள்ள பேஸ்ட் சொரசொரப்பாகவும் இருப்பதால், ஒரே பூச்சு நிறம் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக நிற்கிறது. தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

செய்தித்தாள் ஒட்டுபவர்களுக்கு: அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பேறும். ஓவியர்கள் பிராக்கும் பிக்காசோவும் 1912 முதல் தாள் ஒட்டிச் செய்த படைப்புகளில் செய்தித்தாள் துண்டுகள் பழுப்பேறிவிட்டதை எல்லோரும் பார்க்கலாம். பழுப்பு பிடிக்கும் என்றால் தாராளமாக ஒட்டுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் அமிலமற்ற தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

*

மணல்! யாரும் மணலைப் பற்றிச் சொல்லவில்லையே. ஜெல்லில் மணலைக் கலந்து பூசிய பரப்பு நிறத்தைக் குடிக்கும் விதமே தனி. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி நிழல் போடுகிறது. அதனால் எந்த நிறமும் அரைப்படி அடர்ந்துதான் தெரியும். வழுவழுப்பான தாளில் சோதித்த அதே சிவப்பு இங்கே செங்கல்லாக மாறிவிட்டது. இப்போது மணல் பரப்புக்கென்று கலக்கும்போதே கொஞ்சம் வெளிறிய நிறமாகக் கலக்கிறேன். கடல் மணல் என்றால் உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள்; உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பெயினின் ஓவியர் அந்தோனி தாப்பியெஸ் சலவைக்கல் தூளையும் மணலையும் குழைத்து, கீறி, சுரண்டி ஒரு வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். பெரும்பாலும் மண்ணும் சாம்பலும்தான் அவருடைய நிறங்கள். அவ்வளவு போதும் என்று எனக்கும் சில நாள் தோன்றுகிறது.

*

எல்லோரும் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பேஸ்ட்டை அள்ளி அப்பினால் ஓவியம் ஆகிவிடாது. மூலைக்கு மூலை மேடு பள்ளம், மேடெல்லாம் தங்கநிறம், பள்ளமெல்லாம் கறுப்பு: இந்தச் சூத்திரத்தில் வரும் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. சொரசொரப்பு எடுபட வேண்டுமென்றால் பக்கத்தில் சும்மா இருக்கும் ஓர் இடம் வேண்டாமா? என் பலகையில் முக்கால்வாசி சமதளம். அதனால்தான் மீதிக் கால்வாசியைக் கண் தேடிப் போகிறது.

நிறத்துக்கும் இதே நியாயம். பிரான்சில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் கோளாறு இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவான நூலாகவே எழுதினார். சொரசொரப்பான பரப்பு ஒரு நிறத்தை நூறு துணுக்காக உடைத்து, ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு பக்கத்துவீட்டைக் கொடுக்கிறது. ஆகவே நீலப் பள்ளத்துக்குள் தப்பி நிற்கும் ஆரஞ்சுப் புள்ளி எரிகிறது. அதே ஆரஞ்சை முழுக்கப் பூசினால் சாதாரணம். குறைத்துப் போடுங்கள், ஐயா, அதுதான் வேலை செய்கிறது.

*

மேலே சொன்னவரோடு பாதி உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு என் சுவரில் மூலைக்கு மூலை பேஸ்ட் அப்பிய படம் ஒன்று தொங்குகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, விடுங்கள்.

ஒரு கேள்வி. தடித்துப் பூசிய என் பேஸ்ட்டில் மயிரிழை விரிசல்கள் வந்திருக்கின்றன. நிறம் அந்த விரிசலுக்குள் இறங்கி அழகாகவே இருக்கிறது. ஆனால் இது பிறகு உதிருமா?

*

தொடங்கியவன் நானே பதில் சொல்கிறேன். விரிசல் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரே மூச்சில் தடித்துப் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் மேல்தோல் பிளக்கும். முடி உலர்த்தியை நெருக்கிக் காட்டினாலும் இதுவே நடக்கும், கூடவே குமிழும் வரும். இப்படிப்பட்ட விரிசலுக்குள் ஜெல்லை நீவி அடைத்துவிட்டால் பெரும்பாலும் நிற்கும். குளிரில் வேலை செய்தீர்களா என்றும் பாருங்கள். ஏறக்குறைய 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாவதில்லை. அப்படிக் காய்ந்த பூச்சு பலவீனமானது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதே நல்லது. கேன்வாஸ் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: துணி தொய்யும், இறுகிய பேஸ்ட் தொய்யாது. தடித்த வேலைக்குப் பலகைதான் சரி. இனிமேல் மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

விரிசலே வேண்டும் என்றால் அதற்கென்றே விற்கும் பேஸ்ட் இருக்கிறது. அதைப் பலகையில் மட்டும் போடுங்கள்.

முடித்த படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும்; ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது ஒன்றின் மேடு மற்றொன்றோடு போய்விடும்.

*

வார்னிஷ் பற்றி ஆசிரியை கோடி காட்டிவிட்டு நிறுத்திவிட்டார், நான் தொடர்கிறேன். பாடுபட்டுச் சேர்த்த ஆழத்தை ஒரே மாலையில் இழக்க வேண்டுமென்றால், பள்ளம் நிறைந்த படத்தில் மேட் வார்னிஷைத் தூரிகையால் வாரி ஊற்றுங்கள். பள்ளத்தில் அது தேங்கி, காய்ந்ததும் அடர்நிறங்களின்மேல் வெண்சாம்பலாக நிற்கும். நான் முதலில் பளபளப்பு வார்னிஷ்தான் கொடுக்கிறேன், மெல்லிய பூச்சாக. அது காய்ந்த பிறகு, மினுமினுப்பைக் குறைக்க வேண்டியிருந்தால் மட்டும் மேட் வார்னிஷை ஒரே ஒரு கை, தெளிப்பானில், படத்தைப் படுக்கவைத்து நான்கு பக்கத்திலிருந்தும். ஒரே பக்கத்திலிருந்து தெளித்தால் மேட்டின் மறுபக்கம் மட்டும் பளபளவென்று நின்று, அறைக்குள் நடக்கும்போதெல்லாம் கண்ணில் குத்தும். தெளிக்கும்போது சன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.