கப்பலில் வந்தவர்களும் படகில் வந்தவர்களும்

சத்துவாச்சாரி செல்வம்: மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாம் பற்றிய பேச்சில் ஒருவர், "பர்மாவிலிருந்து வந்த உங்கள் குடும்பமும் அகதிதானே, புதிதாக வருகிறவர்களை ஏன் திட்டுகிறீர்கள்" என்று கேட்டிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் தாத்தா 1965-ல் ரங்கூனில் கப்பல் ஏறினார். கையில் பேப்பர் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் பட்டப்பகலில் இறங்கினார். 2022-ல் ராத்திரியில் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் வந்தவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். போர் 2009-லேயே முடிந்துவிட்டது. இவர்கள் விலைவாசிக்குப் பயந்து வந்தவர்கள்.

பாலாற்றங்கரை: கேட்டவள் நான்தான். தம்பி, உங்கள் தாத்தா மட்டும் போருக்குப் பயந்தா வந்தார்? 1964-ல் பர்மாவில் நே வின் ராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. கடையும் போய்க் காசும் போனபிறகு கப்பல் ஏறினார்கள். அதுவும் வயிற்றுப்பாடுதான்.

சத்துவாச்சாரி செல்வம்: பேப்பர் இருந்ததா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

குடியாத்தம் மணி: செல்வம் கேட்பது நியாயம். என் சித்தப்பா பட்டாவுக்கு நடையாய் நடக்கிறார். முகாமுக்கு மட்டும் 2021 நவம்பரில் முதல்வரே வந்து வீடு கட்ட அடிக்கல் நாட்டுகிறார்.

பாலாற்றங்கரை: மணி, அதற்குமுன் அந்த வீடுகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்று ஒருநாளாவது உள்ளே போய்ப் பார்த்தீர்களா? செல்வத்துக்கு: 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கான பேர் நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். பர்மா 1937-லேயே தனியாகப் பிரிந்துவிட்டது. அவர்களிடம் யார் பேப்பர் கேட்டது?

சத்துவாச்சாரி செல்வம்: நான் 1942 பற்றிப் பேசவில்லை. எங்களுக்குப் பேப்பர் இருந்தது.

வாலாஜா பாபு: செல்வம் மச்சான், பேப்பர் இருந்தது சரி. ரங்கூன் துறைமுகத்தில் ஆயாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களே, அதை ஏன் எழுதவில்லை? காது தூர்ந்துவிடக் கூடாதென்று கடைசிவரை வேப்பங்குச்சி செருகியிருந்தாள். முகாம் பெண்களைப் பார்த்தால் "பாவம்டா" என்பாள். அவள் பேரன் நீ இப்படி எழுதுகிறாய்.

சத்துவாச்சாரி செல்வம்: ஆயாவை இங்கே இழுக்காதே. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையைப் பிரித்தபோது மாமா அடுப்பைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனாரே, அதையும் எழுதட்டுமா?

வாலாஜா பாபு: அடுப்பு என் அம்மா போட்ட காசு!

காட்பாடிக்காரன்: வேலூர்க் கோட்டையில் 1995-ல் சுரங்கம் தோண்டித் தப்பினார்களே, மறந்துவிட்டதா? இரக்கப்பட்டால் இதுதான் நடக்கும்.

பாலாற்றங்கரை: அது புலிகளை அடைத்துவைத்த சிறப்பு முகாம். அப்துல்லாபுரம், மேல்மொணவூர் முகாம்களிலிருந்து பெயின்ட் அடிக்கப் போகிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கோட்டையைப் பற்றிப் பேசுகிறீர்களே, இலங்கையின் கண்டி ராஜா விக்கிரமராஜசிங்கனை வெள்ளைக்காரன் 1816-ல் கொண்டுவந்து வைத்ததும் அங்கேதான். 1832-ல் இந்த ஊரிலேயே செத்தார். அவர் சமாதி இருக்கும் முத்து மண்டபத்தில் போய்ப் பாருங்கள். அப்புறம் பேப்பர் விஷயம். முகாமிலேயே பிறந்து, இங்கேயே காலேஜ் முடித்த பிள்ளைக்கும் குடியுரிமை கிடையாது. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. உங்கள் குடும்பத்துக்குப் பேப்பர் கொடுத்தார்கள், பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குத் தொழில் தொடங்கக் கடனும் கொடுத்தார்கள். இவர்களுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததை வைத்தே இவர்களைக் குற்றவாளி என்கிறீர்கள்.

குடியாத்தம் மணி: அக்கா, பாடம் நடத்தாதீர்கள். பட்டாவுக்குப் பதில்?

பாலாற்றங்கரை: பட்டா தராதது தாலுகா ஆபீஸ். முகாம்காரன் இல்லை. அங்கே போய்ச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

சத்துவாச்சாரி செல்வம்: எவ்வளவு எழுதினாலும் சரி, தாத்தா பேப்பரோடு வந்தார்.

வாலாஜா பாபு: அந்தப் பேப்பர் உன் பீரோவில்தானே இருக்கிறது? அம்மா எத்தனை தடவை கேட்டாள், ஒரு ஜெராக்ஸ் கொடுத்தாயா?