ஒரே தொடக்கம், வேறு வேர்: ஆங்கிலச் சொற்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கேட்டலாக், கேட்டஸ்ட்ரஃபி, கேட்டராக்ட் மூன்றிலும் முன்னால் நிற்பது 'கட்டா' என்ற கிரேக்க முன்னொட்டு. 'கீழே' என்பது அதன் அடிப்படைப் பொருள். கேட்டராக்ட் முதலில் அருவியைத்தான் குறித்தது, கண்புரைக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. அதே எழுத்துகளில் தொடங்கும் கேட்டமரான் மட்டும் நம் கட்டுமரம்! மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

இப்படித் தொடக்கம் ஒன்றாகவும் வேர் வேறாகவும் உள்ள சொற்கள் தெரிந்தால் பொருளோடு எழுதுங்கள். தமிழிலிருந்து போனவை என்றால் ரொம்ப நல்லது. செரூட் ஆன சுருட்டும் மல்லிகடானி ஆன மிளகுத்தண்ணீரும் கையில் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள், எவை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை என்று சொன்னால் பேருதவி.