எக்கவுண்டிங் படிச்சிட்டு "மக்கள் பக்கம்" ரிசேர்ச்னு போனா பொழைக்க முடியுமா?

கொழுந்துக்கூடை (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம், கெம்பஸ்ல எக்கவுண்டிங் கடைசி வருஷம். வீட்ல சார்ட்டட்ட (பட்டயக் கணக்காளர் பரீட்சைய) முடி, கொழும்புல ஒடிட் ஃபர்ம் ஒண்ணுல ஏறு, மிச்சத்த பொறவு பாப்போம்ங்கிறாங்க, அப்பா தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நின்ன மனுசன், அவரு சொல்றதுலயும் பிழை இல்ல. ஆனா ஒரு லெக்சர்ல பிரேம் சிக்கானு ஒரு புரொபெசரப் பத்தி சொன்னாங்க. இந்தியாவுல பொறந்து சின்ன வயசுல இங்கிலாந்து போய், கணக்காளரா தகுதி எடுத்து, பொறகு எசெக்ஸ் யுனிவர்சிட்டில புரொபெசராகி, பெரிய ஒடிட் கொம்பனிகளையும் வரியில இருந்து நழுவுற வழிகளையும் பத்தியே வருஷக்கணக்கா எழுதி, பத்திரிகைலயும் போட்டு, கடைசில 2020ல பிரிட்டிஷ் பாராளுமன்றத்து பிரபுக்கள் சபைக்கே போயிட்டாரு. அதுல இருந்து மனசு அந்தப் பக்கமே இழுக்குது.

நம்ம ஆளுங்க ஒருத்தர் இப்பிடி போகலாமா? வேலை கிடைக்குமா, இல்ல பேப்பர் எழுதி அலுமாரில அடுக்குறதுதானா? ப்ரொஜெக்ட்டுக்கு தோட்டச் சம்பளக் கணக்க எடுக்கலாம்னு போனேன், "இது சோசியொலஜி, நம்ம சப்ஜெக்ட் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

பனிமூட்டம்:
தங்கச்சி, அந்த சோசியொலஜி கதைய நம்பாதீங்க. நான் வெளிநாட்டுல இதே ஃபீல்ட்லதான் பிஎச்டி செய்றேன். 1976ல அந்தனி ஹொப்வுட் "எக்கவுண்டிங், ஓர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி"னு ஒரு ஜர்னல் தொடங்கினாரு, 1990ல டோனி டிங்கரும் டேவிட் கூப்பரும் "கிரிட்டிகல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஒன் எக்கவுண்டிங்" தொடங்கினாங்க. இதுங்களுக்கெல்லாம் பிரிட்டிஷ் பிஸ்னஸ் ஸ்கூல்கள்ல நல்ல ரேங்க் இருக்கு, அதுல எழுதினவங்களுக்கு லெக்சரர் வேலை கிடைக்குது, புரொமோஷனும் கிடைக்குது. அலுமாரில அடுக்குற கதை இல்ல.

டிங்கர் 1980ல செஞ்ச வேலைய கட்டாயம் தேடிப் படிங்க. சியரா லியோன்ல இரும்புத்தாது தோண்டின ஒரு பிரிட்டிஷ் கொம்பனியோட பல வருஷ கணக்க எடுத்து, வந்த காசுல கூலிக்கு எவ்வளவு, அரசாங்கத்துக்கு எவ்வளவு, பங்குக்காரனுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டினாரு. கொம்பனியே வெளியிட்ட கணக்குதான், அவரு கேட்ட கேள்விதான் வேற. அத வாசிச்சப்ப எனக்கு நம்ம தோட்டம்தான் ஞாபகம் வந்துச்சு.

அதோட இது நமக்கு அந்நியமான விசயமும் இல்ல. சந்தன அலவத்தகே, தந்துரே விக்ரமசிங்க ரெண்டு பேரும் இங்க இருந்து ஸ்கொட்லாந்து போய் புரொபெசரா ஆனவங்க, 2009ல சிலோன் தேயிலைத் தோட்டத்த வச்சே பெரிய ஜர்னல்கள்ல எழுதியிருக்காங்க, வெள்ளக்காரன் காலத்துல கணக்கு எப்படி ஆளக் கட்டிப்போட்டுச்சு, தோட்டத்து சனம் அத தினசரி சின்னச்சின்ன எதிர்ப்பால எப்படி வளைக்குதுன்னு. அத பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் சூப்பர்வைசர் மேசைல வைங்க.

கொழும்பு ஒடிட்டர்:
நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன், கோவிக்க வேணாம். சிக்காவப் பாத்து ஆசைப்படுறது சரி, ஆனா அவரு டெபிட் கிரெடிட் தெரிஞ்ச கணக்காளர், அதனாலதான் ஒடிட்டருக்கு அவரு பேசினா சுட்டுச்சு. இப்ப சில பிள்ளைங்க ரெண்டு தத்துவக்காரர் பேர மனப்பாடம் பண்ணிட்டு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மண்ட் வாசிக்கத் தெரியாம வருதுங்க. சார்ட்டட்ட விட்டுறாதீங்க.

ரிசேர்ச் செய்யணும்னா தோட்டக் கொம்பனி அனுவல் ரிப்போர்ட் எடுங்க, பங்குச்சந்தை வெப்சைட்ல சும்மா கிடக்கு. முன்பக்கத்துல சிரிச்சிட்டு கொழுந்து எடுக்கிற அக்காவோட படத்த தாண்டி நேரா நோட்ஸுக்கு போங்க. ஒண்ணு, மரம். எல்கேஏஎஸ் 41ங்கிற இலங்கைக் கணக்கு நியமப்படி வெட்டி விக்கிறதுக்கு வளக்கிற மரத்த சந்தை மதிப்புல காட்டணும், மதிப்பு கூடினா அது லாபத்துக்கு வரும், கைக்கு ஒரு சதம் வராது. ரெண்டு, கிரெச்சுவிட்டி, அதாவது வேலைய விட்டுப் போறப்ப குடுக்கிற சேவைப் பணம். 1983 சட்டப்படி நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருஷ சேவைக்கு 14 நாள் சம்பளம், அப்ப நாள் சம்பளம் 100 ரூவா கூடினா 25 வருஷம் வேலை செஞ்ச ஒருத்தருக்கு மட்டும் 35,000 கூடுது, கொம்பனி அந்தக் கடனத் திருப்பி மதிப்பிட்டு புத்தகத்துல ஒரேயடியா ஏத்தும், ஆனா காசு ஆளுங்க பென்ஷனாகிப் போகப்போகத்தான் வெளிய போகும். "சம்பளம் கூட்டினா தோட்டத்த மூடணும்"னு சொல்றப்ப எந்த எண்ணக் காட்டுறாங்கன்னு பாருங்க. கொம்பனி சொல்றது முழுசா பொய்யும் இல்ல, உற்பத்திச் செலவு உண்மையிலயே கூடத்தான், அதையும் நேர்மையா எழுதணும். மூணாவது, தாய்க் கொம்பனிக்குப் போற மெனேஜ்மென்ட் ஃபீஸ், ரிலேட்டட் பார்ட்டி (தொடர்புள்ள கொம்பனிகளோட கொடுக்கல் வாங்கல்) நோட்ல ஒளிஞ்சிருக்கும்.

பழைய செக்ரோல்:
மகள், நான் தோட்டத்து ஒபிஸ்ல செக்ரோல், அதாவது ஆளுங்க வேலை நாளும் சம்பளமும் பதியிற புத்தகம், எழுதினவன், இப்ப வீட்ல. எனக்கு இந்த ஜர்னல் எல்லாம் தெரியாது. ஒரு வரிய சொல்றேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி, மாசத்துக்கு எத்தன நாளோ அத்தன கட்டம். பேர் விழுந்தா, அதாவது முழு நாள் சம்பளம்னா 1, நோம் (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ) எடுக்காட்டி அரைப்பேர். இப்ப 18 கிலோ நோம்னு வச்சுக்கங்க, ஒருத்தி மழையில நனஞ்சு 19 கிலோ கொண்டு வாறா, சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு தராசுலயே கழிச்சா 17. என் புத்தகத்துல அரைப்பேர்தான் வரும். கழிச்ச ரெண்டு கிலோ எந்தக் கட்டத்துலயும் இல்ல, ஆனா அந்தக் கொழுந்தும் ஃபெக்டரிக்குத்தான் போகுது. வலப்பக்கம் பூரா கழிவு, ஈபிஎஃப் (சேமலாப நிதி) 8 சதவீதம், சங்கச் சந்தா, கோயில், டோபி, தேத்தூள், தீவாளி அட்வான்ஸ். கடைசிக் கட்டம் கைக்கு வர்றது. சில மாசம் அந்தக் கட்டத்த எழுதவே எனக்கு வெக்கமா இருக்கும்.

ஒடிட்டர் ஐயா சொன்ன நோட்ஸ்ல இந்த ரெண்டு கிலோ இருக்காது. அதுக்கு உங்க அப்பாகிட்டதான் கேக்கணும்.

கொழுந்துக்கூடை:
ஐயா, அப்பாகிட்ட நேத்து ராவு கேட்டேன், ஒரு மணித்தியாலம் பேசினாரு, இவ்வளவு நாளா ஒரு வார்த்த சொன்னதில்ல! சாக்குக் கழிவோட தண்ணிக் கழிவையும் மழை வெயில் பாக்காம வெட்டுவாங்களாம், வெயில் நாள்ல தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு அடுத்த நாள் கொழுந்தே இல்லாத மலைதானாம்.

ப்ரொஜெக்ட் தலைப்ப மாத்தி எழுதிட்டேன், நிறுவைல நடக்கிற கழிவும் சம்பளச் செலவு கணக்கும்னு. சார்ட்டட்டும் விடல. ஆனா கொம்பனி செக்ரோல் காட்டுமா? ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பம் போடலாமா?

கொழும்பு ஒடிட்டர்:
2016 ஆர்டிஐ சட்டம் முக்கியமா அரச நிறுவனங்களுக்கு, தனியார் கொம்பனிகிட்ட நேரா போட்டா லேசுல பதில் வராது. ஆனா 1992ல தோட்டத்த கொம்பனிகளுக்கு குடுத்தப்ப காணி அரசாங்கத்துக்கிட்டயே இருந்துச்சு, திறைசேரிச் செயலாளர் பேர்ல கோல்டன் ஷெயர்னு விசேஷ உரிமை உள்ள ஒரு பங்கும் இருக்கு. அந்தப் பங்குக்காரர் ரெண்டு வாரம் முன்கூட்டி எழுதிக் குடுத்தா கொம்பனி புத்தகத்தப் பாக்கலாம், காலாண்டு அறிக்கையும் கேக்கலாம், அனுவல் ரிப்போர்ட்லயே போட்டிருக்கும். திறைசேரி அரச நிறுவனம்தானே. அந்த உரிமைய இதுவரைக்கும் எத்தன தடவ பாவிச்சீங்க, என்ன அறிக்கை வந்துச்சுன்னு திறைசேரிக்கு ஆர்டிஐ போடுங்க. செக்ரோலுக்கு ஆளுங்க கையில இருக்கிற சம்பளத் துண்டு போதும், பேரையும் தோட்டத்தையும் மறைச்சிடுங்க, இல்லாட்டி குடுத்தவங்களுக்குத்தான் கரைச்சல்.